ஸ்காட்ச்-ஐரிஷ் முன்னோர் ஒருவரின் பூர்விகத்தைத் தேடுவது எப்படி?

கேள்வி இதுதான்: 1740 வாக்கில் அயர்லாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்து, சில ஆண்டுகளில் வர்ஜீனியாவுக்குப் பெயர்ந்ததாகக் குடும்பத்தில் சொல்லப்படும் ஒரு ஸ்காட்ச்-ஐரிஷ் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார், அயர்லாந்தில் அவருடைய சொந்த ஊர் எது? கேட்டவர் தம் மனைவி வழி முன்னோரைத் தேடுகிறார். இணையத்தில் அகப்பட்ட நான்கு வம்சாவளிகளும் நான்கு விதமாகச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.

கப்பலின் பெயர் பெரும்பாலும் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்திறங்கும் பயணிகளின் பட்டியலைக் கப்பல் தலைவர் ஒப்படைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது 1819இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 1820இல். அதற்கு முன்பு பிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானியர்களின் பெயர்கள் 1727 முதல் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். அவர்கள் வேற்று நாட்டு மன்னரின் குடிகள் என்பதால் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கையெழுத்திட வேண்டியிருந்தது, அந்தக் கையெழுத்துத் தாள்கள் தங்கிவிட்டன. அயர்லாந்திலிருந்து வந்தவரோ ஏற்கெனவே அதே மன்னரின் குடி. ஒரே அரசின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறவரின் பெயரைக் குறித்துக்கொள்ள யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஆகவே, கப்பலின் பெயரையும் புறப்பட்ட தேதியையும் துல்லியமாகச் சொல்லும் வம்சாவளியைக் கண்டால், அதற்கு ஆதாரம் எந்த ஏடு என்று கேளுங்கள்.

ஊர் விஷயம் அப்படியல்ல. முயன்றால் ஓரளவு நெருங்க முடியும். ஆனால் அவர் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்தால் முடியாது; அவரோடு சேர்ந்து நகர்ந்தவர்கள் அத்தனை பேரையும் பின்தொடர வேண்டும். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதன் சாரம் அவ்வளவுதான்.

ஸ்காட்ச்-ஐரிஷ் என்ற பெயரைக் கேட்டதும் ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. 1606 வாக்கில் ஆன்ட்ரிம், டவுன் பகுதிகளில் தனியார் முயற்சியாகவும், 1610 முதல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் ஆறு கவுண்டிகளில் (மாவட்டங்களில்) முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரசுத் திட்டமாகவும் குடியேற்றப்பட்ட ஸ்காட்லாந்துச் சமவெளி மக்களும் வட இங்கிலாந்து மக்களும்தான் இவர்களின் மூதாதையர். பெரும்பாலோர் பிரெஸ்பிட்டேரியன்கள் (ஆயர்கள் இல்லாமல் மூப்பர் குழு நடத்தும் புராட்டஸ்டன்ட் சபையினர்), அரசுத் திருச்சபையைச் சேராதவர்கள் என்பதால் 1704ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பொதுப் பதவிகளிலிருந்து ஒதுக்கியது. குத்தகைக் காலம் முடிந்த நிலங்களுக்குக் குத்தகைத் தொகை ஏற்றப்பட்டது, மழை பொய்த்தது, 1740-41இல் கடும் பஞ்சம் வந்தது, 1770களின் தொடக்கத்தில் லினன் (ஆளிநார்த் துணி) தொழில் படுத்தது. 1717-18 தொடங்கி 1775 வரை அலை அலையாக இவர்கள் கடல் கடந்ததற்கு இவையே காரணங்கள். தேடுபவருக்கு இதில் ஒரு பயன் உண்டு: உங்கள் முன்னோர் வந்த ஆண்டு எந்த அலையோடு பொருந்துகிறது என்று பார்த்தால், அவர் எந்தத் துறைமுகத்தில் இறங்கியிருப்பார் என்பதை ஏறத்தாழ ஊகிக்கலாம். 1718இல் வந்தவர்களில் பலர் பாஸ்டனுக்குப் போய், அடுத்த ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரில் லண்டன்டெரி என்ற ஊரை நிறுவினார்கள். 1720களின் பிற்பகுதிக்குப் பின் வந்தவர்களுக்கு டெலவேர் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசிலும் பிலடெல்ஃபியாவும்தான் வாசல். அல்ஸ்டர் நெசவுக்கு வேண்டிய ஆளிவிதை பிலடெல்ஃபியாவிலிருந்து போனது. அதை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலில் ஆட்கள் ஏறினார்கள். 1760களில் தென் கரோலினா இலவச நிலமும் பயணப் படியும் தந்ததால் சார்ல்ஸ்டன் துறைமுகமும் சேர்ந்துகொண்டது. அங்கு நில மனுக்கள் ஆளுநர் சபையின் நடவடிக்கைக் குறிப்பில் கப்பல்வாரியாகப் பதியப்பட்டதால், கப்பல் பெயர் நிஜமாகவே கிடைக்கக்கூடிய அரிய இடம் அது.

இனி உங்கள் ஆளுக்கு வருவோம். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் 1740 வாக்கில் குடியேறியவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆரஞ்சு கவுண்டி நீதிமன்றத்தின் உத்தரவு ஏடு. அகஸ்டா கவுண்டியை உருவாக்கும் சட்டம் 1738இல் வந்துவிட்டாலும், அங்கே நீதிமன்றம் கூடத் தொடங்கியது 1745இன் இறுதியில்தான். அதுவரை பள்ளத்தாக்கு மக்கள் மலையைக் கடந்து ஆரஞ்சுக்குத்தான் போக வேண்டும். சொந்தச் செலவில் ஒருவரை வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கேட்கலாம் என்ற பழைய விதி அப்போதும் உயிரோடு இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ள 1740இல் பள்ளத்தாக்குக் குடும்பத் தலைவர்கள் வரிசையாக நீதிமன்றத்துக்கு வந்து, தம்மையும் மனைவி மக்களையும் அயர்லாந்திலிருந்து பிலடெல்ஃபியாவுக்கும் அங்கிருந்து இந்தக் குடியேற்றத்துக்கும் சொந்தச் செலவில் கொண்டுவந்ததாகச் சத்தியம் செய்தார்கள். எழுத்தர் ஒவ்வொருவரின் குடும்பப் பெயர்களையும் எழுதிக்கொண்டார். அந்த வருடம் மே மாதம் சத்தியம் செய்தவர்களில் அலெக்சாண்டர் பிரெக்கின்ரிட்ஜும் ஒருவர். அவருடைய மகன் ராபர்ட்டின் வழியில் பிறந்த ஜான் பிரெக்கின்ரிட்ஜ் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் அமைச்சரவையில் இருந்தார். அந்த ஜானின் பேரன் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவரானார். இவ்வளவு புகழ்பெற்ற குடும்பத்துக்கும் அந்தச் சில வரிகள்தான் கடல் தாண்டியதற்கான நேரடிச் சான்று. அவற்றிலும் கப்பலின் பெயர் இல்லை, ஊரின் பெயர் இல்லை, 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்தான். இருந்தாலும் மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் ஒரே இடத்தில், சத்தியத்தின் பேரில் கிடைப்பது சாதாரணமல்ல. ஒரே நாளில் அடுத்தடுத்துச் சத்தியம் செய்தவர்களின் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் ஒன்றாகவே மலை கடந்து வந்த அண்டை வீட்டார்கள்.

அடுத்தது நிலப் பத்திரங்கள். பள்ளத்தாக்கின் பெரும்பகுதி இரண்டு பெரிய மானியங்களுக்குள் அடங்கும்: வில்லியம் பெவர்லி 1736இல் பெற்ற 1,18,491 ஏக்கர் ஒன்று, அதன் தெற்கே பெஞ்சமின் போர்டனுக்குக் கிடைத்த நிலம் மற்றொன்று. உங்கள் முன்னோர் இவர்களில் ஒருவரிடம் கிரயம் வாங்கியிருந்தால் அந்தப் பத்திரத்தில் நான்கெல்லை இருக்கும், எல்லையில் யார் நிலம் என்றும் இருக்கும், சாட்சிகள் இருப்பார்கள். நம் ஊர்ப் பத்திரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் தனியாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. வாங்கிய பத்திரத்தைவிட விற்ற பத்திரம் அதிகம் பேசும். விற்கும்போது மனைவியின் உரிமைப் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒப்புதல் தேவைப்பட்டதால் அவர் பெயர் தெரியவரும். தந்தை உயிலின்றி இறந்தால் அன்றைய வர்ஜீனியாவில் நிலம் முழுவதும் மூத்த மகனுக்குப் போகும். ஆகவே 'இன்னாரின் மூத்த மகனும் சட்டப்படியான வாரிசுமானவர்' என்று ஒரு பத்திரம் தொடங்கினால், தந்தையும் மகனும் ஒரே வரியில் கட்டுண்டுவிடுகிறார்கள். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: உயிலில் மூத்த மகனின் பெயர் இல்லை என்பதால் அவர் மகனில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவருக்கு ஏற்கெனவே நிலம் கொடுத்தாகிவிட்டிருக்கலாம்.

பென்சில்வேனியாவில் நில ஆவணங்கள் மூன்று படியாக வரும்: ஒதுக்கீட்டு ஆணை, அளவை, பட்டா. மூன்றும் ஹாரிஸ்பர்க்கிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இவர்களில் பலர் ஆணைக்குக் காத்திருக்கவில்லை. கண்ட இடத்தில் மரத்தை வெட்டி வீட்டைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைய மாகாணச் செயலாளர் ஜேம்ஸ் லோகன் தாமே அல்ஸ்டரில் பிறந்தவராக இருந்தும் இவர்களைச் சமாளிக்க முடியாமல் புலம்பியிருக்கிறார். நிலம் இல்லாதவரையும் வரிப் பட்டியல் விடாது என்பதால் செஸ்டர், லங்காஸ்டர் கவுண்டிகளின் வரிப் பட்டியல்களில் தேடுங்கள். மணமாகாத ஆண்கள் அங்கே தனிப் பிரிவில் எழுதப்பட்டிருப்பார்கள். அதில் ஒருவர் புதிதாகத் தோன்றினால் அவருக்கு அப்போது ஏறத்தாழ 21 வயது என்று கொள்ளலாம். பயணச் செலவுக்குப் பணமில்லாமல் நான்காண்டு, ஐந்தாண்டு ஒப்பந்த வேலைக்காரராக வந்தவர்களுக்கு பிலடெல்ஃபியா மேயர் அலுவலகத்தின் 1745-46, 1771-73 ஒப்பந்தப் பதிவுகள் மிஞ்சியிருக்கின்றன. எஜமானரிடமிருந்து ஓடிப்போனவர் என்றால் 'பென்சில்வேனியா கெசட்' பத்திரிகையில் அவருடைய உயரம், சட்டையின் நிறம், பேச்சு வழக்கு வரை விளம்பரம் வந்திருக்கும். முன்னோர் ஓடிப்போனவர் என்பதில் குடும்பத்துக்குப் பெருமை இருக்காது. ஆனால் ஒழுங்காக இருந்தவரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமான வர்ணனை ஒருபோதும் கிடைக்காது.

கவுண்டி எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. கோனகோசீக் ஓடைக்கரையில் 1740இல் வீடு கட்டி அங்கேயே கிழமாகி இறந்தவரின் ஆவணங்கள் 1750 வரை லங்காஸ்டரிலும், பிறகு கம்பர்லாந்திலும், 1784க்குப் பின் ஃபிராங்க்ளினிலும் கிடக்கும். அவர் ஓரடிகூட நகரவில்லை, கவுண்டிதான் நகர்ந்தது. ஆண்ட்ரூ ஜாக்சனின் பெற்றோர் 1765இல் ஆன்ட்ரிமிலிருந்து வந்து வாக்ஸ்ஹாஸ் பகுதியில் குடியேறினார்கள். 1767இல் அவர் பிறந்தபோது வட, தென் கரோலினாக்களுக்கு இடையிலான எல்லை அங்கே சரிவர வரையப்படாததால், ஒரு குடியரசுத் தலைவர் எந்த மாநிலத்தில் பிறந்தார் என்று இரு மாநிலங்களும் இன்றுவரை வாதிடுகின்றன.

அண்டை வீட்டாரைப் பின்தொடர்வது எப்படி வேலை செய்கிறது என்பதை கால்ஹூன் குடும்பத்தை வைத்துக் காட்டுகிறேன். தென் கரோலினாவின் லாங் கேன்ஸ் பகுதியில் 1760இல் பேட்ரிக் கால்ஹூன் என்றொருவர் இருந்தார். பிற்காலத்தில் துணைக் குடியரசுத் தலைவரான ஜான் கால்ஹூனின் தந்தை அவர். அவரை மட்டும் தெரிந்துகொண்டு அயர்லாந்துக்குத் தாவினால் பேட்ரிக் என்ற பெயரில் கரைந்துபோவோம். ஆனால் அகஸ்டா கவுண்டி நீதிமன்ற ஏட்டில் 1746இல் ரீட் ஓடையிலிருந்து ஒரு பாதை வெட்டுவதற்கான உத்தரவு இருக்கிறது. மேற்பார்வைக்கு ஜேம்ஸ் கால்ஹூன் உட்பட இருவர் நியமிக்கப்படுகிறார்கள். வேலை செய்ய வேண்டியவர்களின் பட்டியலில் எசேக்கியேல், வில்லியம், பேட்ரிக் என்று கால்ஹூன்கள் அடுத்தடுத்து வருகிறார்கள். அதே ஆண்டில் ஜேம்ஸ் பேட்டன் என்ற செல்வாக்கு மிக்கவர், இந்த நால்வரும் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள் என்று புகார் கொடுக்கிறார். பாதை உத்தரவும் புகாரும் வம்சாவளிக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனால் நான்கு சகோதரர்களையும் ஒரே ஓடைக்கரையில் நிறுத்திவிடுகின்றன. அந்த நால்வரும் தாய் கேத்தரினும் என்ற தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போனால் பென்சில்வேனியா வருகிறது, அதற்கும் பின்னால் 1733இல் டொனெகல் வருகிறது. முன்னால் போனால், பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த அமெரிக்கப் பழங்குடிகளும் பிரிட்டிஷாரோடு மோதிய பிரெஞ்சு-இந்தியப் போரில் எல்லைப்புறம் தாக்கப்பட்டபின் 1756இல் அதே குடும்பம் லாங் கேன்ஸில் தோன்றுகிறது. அந்த நிலத்தில் செரோக்கி என்ற பழங்குடி மக்களுக்கு உரிமைக் கோரிக்கை இருந்தது. 1760 பிப்ரவரி 1 அன்று, ஓடிப்போய்க்கொண்டிருந்த குடியேறிகளின் வண்டிகள் செரோக்கிகளால் தாக்கப்பட்டன. பேட்ரிக் அங்கே நட்ட கல்லில், தாய் கேத்தரின் 76 வயதில் வேறு 22 பேருடன் கொல்லப்பட்டார் என்று பொறித்திருக்கிறார். அந்த 76 என்ற எண்ணால்தான் அவர் 1684 வாக்கில் பிறந்தவர் என்று கணக்கிட முடிகிறது. ஒரு கல், ஒரு பாதை உத்தரவு, ஒரு வம்பு வழக்கு ஆகியவற்றைக் கோத்துத்தான் மூன்று குடியேற்றங்களின் வழியாக அந்தக் குடும்பத்தைப் பின்தொடர முடிகிறது.

கால்ஹூன் என்பதைக் கொல்ஹூன், கொகூன், ககூன் என்று எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார்கள். எழுத்துக்கூட்டை வைத்து 'இது நம் குடும்பமில்லை' என்று ஒதுக்குவது பெரும் தவறு.

படிக்கும்போது ஏமாற்றும் சொற்கள் சில உண்டு. 1752 வரை ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதி; ஆகவே ஏட்டில் 1745 பிப்ரவரி என்றிருந்தால் அது நம் கணக்கில் 1746. இதைக் கவனிக்காமல் மகன் பிறப்பதற்கு முன்பே தந்தையைக் கொன்றுவிட்ட வம்சாவளிகளைப் பார்த்திருக்கிறேன். 'அனாதை' என்றால் தந்தையை இழந்த பிள்ளை. தாய் உயிரோடு இருக்கலாம். 'சீனியர்', 'ஜூனியர்' என்பது தந்தை மகனாகவே இருக்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், அவ்வளவுதான். 'கசின்' என்ற சொல்லால் அண்ணன் மகனையும் குறித்தார்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று பிரித்துப் பேசுகிற நமக்கு இந்தக் கலப்படம் கொஞ்சம் எரிச்சல் தரும்.

பெயரிடும் முறை ஒரு துணைச் சான்று. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயர் என்பது இவர்களிடையே பரவலாக இருந்த வழக்கம். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் பெயரன், அதுவே பேரன் என்று வழங்குகிற மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது வழக்கமே தவிர சட்டமல்ல. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கே மீண்டும் வைத்திருப்பார்கள். எங்கே தேடலாம் என்று காட்ட அது உதவும், நிரூபிக்க உதவாது.

திருச்சபைப் பதிவுகளைப் பற்றி அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். பள்ளத்தாக்கின் முதல் நிலையான பிரெஸ்பிட்டேரியன் போதகரான ஜான் கிரெய்க் 1740 முதல் 1749 வரை தாம் கொடுத்த ஞானஸ்நானங்களை எழுதிவைத்தார். அது கிடைத்தது அதிர்ஷ்டம். பல போதகர்களின் குறிப்பேடுகள் அவர்களோடே போய்விட்டன. திருமணங்களும் அப்படியே: வர்ஜீனியாவில் 1780 வரை அரசுத் திருச்சபைக் குருமார் செய்துவைத்த திருமணத்துக்கே சட்ட அங்கீகாரம் என்பதால், பிரெஸ்பிட்டேரியன் திருமணங்கள் பெரும்பாலும் அரசு ஏட்டில் ஏறவில்லை.

அமெரிக்கப் பக்கத்தில் இவ்வளவும் தீர்ந்த பிறகுதான் அயர்லாந்து. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் எல்லாம் போய்விட்டது என்று சொல்வார்கள். நிறையப் போனது உண்மை, எல்லாம் போகவில்லை. 1740இன் புராட்டஸ்டன்ட் குடும்பத் தலைவர் பட்டியல், 1766இன் மதவாரிக் கணக்கெடுப்பு, 1660களின் அடுப்பு வரிப் பட்டியல் ஆகியவற்றில் சில பகுதிகள் முன்னரே எடுத்துவைத்த படிகளாகத் தப்பின. பெல்ஃபாஸ்ட்டிலுள்ள வட அயர்லாந்து ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். 1708இல் தொடங்கிய டப்ளின் பத்திரப் பதிவகத்தை அந்தத் தீ தொடவில்லை. 1796இல் ஆளிச் செடி பயிரிட்டவர்களுக்கு ராட்டினம் பரிசளித்த பட்டியலில் ஏறத்தாழ 60,000 பெயர்கள் உள்ளன. உங்கள் ஆள் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டிருந்தாலும், போகாமல் தங்கிய உறவினர்கள் எந்தப் பங்கில் (திருச்சபை வட்டாரத்தில்) இருந்தார்கள் என்று அது காட்டும்.

அண்டை வீட்டார் பயன்படுவது இங்கேதான். உங்கள் முன்னோர் பெயர் ஜான் தாம்சன் என்றால் அல்ஸ்டரில் அதே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் ஆரஞ்சு நீதிமன்றத்தில் அவரோடு நின்றவர், நான்கெல்லையில் வந்தவர், உயிலுக்குச் சாட்சியானவர், மகளை மணந்தவர் என்று பத்துக் குடும்பப் பெயர்கள் கையில் இருந்தால், அவற்றில் அபூர்வமான மூன்றை எடுத்து 1740, 1766, 1796 பட்டியல்களில் வையுங்கள். மூன்றும் ஒரே பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ விழுந்தால் தாம்சனையும் அங்கே தேடத் தொடங்கலாம். அந்த வட்டார நிலக்கிழாரின் குத்தகைச் சீட்டுகள் தப்பியிருந்தால் இன்னும் நல்லது. அக்காலக் குத்தகைகளில் பல 'மூன்று உயிர்கள்' கணக்கில் எழுதப்பட்டன: சீட்டில் பெயர் குறித்த மூவரில் கடைசி ஆள் இறக்கும்வரை குத்தகை செல்லும். எனவே விவசாயி நீண்ட ஆயுளை எதிர்பார்த்துத் தம் சின்னப் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுப்பார், சில சீட்டுகளில் வயதும் இருக்கும். மூவரில் ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்று பிற்காலத்தில் விசாரித்த நிலக்கிழாரின் காரியஸ்தர், ஓரத்தில் 'அமெரிக்காவில்' என்று குறித்துவைத்திருந்தால் உங்கள் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

மரபணுப் பரிசோதனையைப் பற்றியும் கேட்பீர்கள். எட்டாம் தலைமுறை முன்னோர் ஒருவரிடமிருந்து சராசரியாக 256இல் ஒரு பங்குதான் வரும், சிலருக்கு அதுவும் வராது. ஆகவே பொதுவான பரிசோதனையால் இவ்வளவு பின்னால் போவது கடினம். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் பரிசோதனை வேறு. அந்தக் குடும்பப் பெயரை இன்றும் நேர் ஆண் வழியில் தாங்கும் ஒருவர் சம்மதித்தால், ஒரே பெயர் கொண்ட இரு குடும்பங்கள் ஒன்றா வேறா என்பதையாவது அது தீர்த்துவைக்கும்.

அந்த நான்கு வம்சாவளிகளையும் தூக்கி எறிய வேண்டாம். முரண்படும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள்; பிறகு அகஸ்டா கவுண்டி எழுத்தர் அலுவலகத்திலிருந்து உங்கள் முன்னோரின் நிலம் கடைசியாக யாரால் விற்கப்பட்டதோ அந்தப் பத்திரத்தின் முழுப் படியை வாங்குங்கள். 1912இல் மூன்று தொகுதிகளாக அச்சான அகஸ்டா நீதிமன்றச் சுருக்கங்கள் எது எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டுமே போதும். சுருக்கத்தில் சாட்சிகளின் பெயர்கள் விட்டுப்போயிருக்கும். ஆகவே கடைசிப் பக்கத்தையும், ஓரக் குறிப்புகளையும் சேர்த்தே படியெடுக்கச் சொல்லுங்கள்.